பசியை எண்ணத் தொடங்கிய கதை

முப்பது வருடங்களுக்கும் மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவனின் உடம்பு எப்படி இருக்கும் என்பதை அத்தொழிலை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரவு பத்து மணிக்குப் பின்னர்தான் முதற்பக்கம் உருப்பெறும். அதுவரை கதிரையை விட்டு எழும்ப முடியாது. மணிக்கொரு தடவை சீனி தாராளமாகப் போட்ட பால்தேநீர் வரும். அதன் பின்னால் ரோல்ஸ் வரும், பட்டீஸ் வரும், எண்ணெய் சொட்டும் வடை வரும். வீடு திரும்புகையில் நள்ளிரவு கடந்திருக்கும். மூடி வைத்த சோற்றை உண்டுவிட்டு அப்படியே உறங்கிவிடுவோம். இப்படியே பல்லாண்டுகள் கழிந்தால் தராசு என்ன சொல்லும்? எனக்கு அது 88 கிலோ என்று சொன்னது.

இரத்தத்தில் சீனி எல்லைக்கோட்டில் நிற்பதாக வைத்தியர் எச்சரித்தார். பத்துக் கிலோவாவது குறைய வேண்டும் என்று கூறி ஒரு தாளில் 1,500 என்று எழுதித் தந்தார். ஒரு நாளைக்கு நான் உண்ணத்தக்க கலோரிகளின் எண்ணிக்கை அது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகள், உண்பதையெல்லாம் பதிந்து கூட்டிக் காட்டும் செயலி ஒன்றை எனது கைத்தொலைபேசியில் இறக்கித் தந்தாள். பீட்சாவில் எத்தனையோ வகைகளை அறிந்திருந்த அந்தச் செயலிக்கு எங்கள் குரக்கன் பிட்டைத் தெரிந்திருக்கவில்லை. சம்பலில் எத்தனை கிராம் தேங்காய் என்று அது கேட்டது. நானறியேன். சம்பலை இடித்த என் மனைவியும் அறியார்.

ஒரு வாரம் கடந்தது. உறவினர் ஒருவரின் அந்தியேட்டி வீட்டில் வாழையிலையின் முன்னால் அமர்ந்து, சோற்றையும் பருப்பையும் வாழைக்காய்ப் பொரியலையும் மனதில் கூட்டிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பந்தியில் இருந்த எண்பது வயது மதிக்கத்தக்க பெரியவர் என்னையே பார்த்திருந்துவிட்டு, "என்ன தம்பி, சாப்பாட்டிலை ஏதும் குறையோ?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிரவு செயலியை மூடிவிட்டு, ஒரு பத்திரிகையாளன் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கத் தொடங்கினேன். இந்த எண்ணை யார் கண்டுபிடித்தார்? எப்போது? எதற்காக? தேடிச் சென்றபோது கிடைத்த கதையையே இங்கு எழுதுகிறேன்.

நீராவி இயந்திரத்தில் பிறந்த அலகு

1782 ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலம். பாரிஸ் நகரில் இரசாயனவியலாளர் லவோசியேயும் கணிதவியலாளர் லப்லாசும் ஒரு பாத்திரத்துக்குள் கினிப்பன்றி ஒன்றை வைத்து, அதனைச் சுற்றிப் பனிக்கட்டியை நிரப்பினார்கள். அந்தச் சிறு விலங்கின் உடற்சூட்டால் உருகிய நீரை நிறுத்துப் பார்த்தார்கள். அது வெளிவிட்ட மூச்சையும் கணக்கிட்டார்கள். மூச்சு விடுதல் என்பது ஒருவகை மெதுவான எரிதல் என்ற முடிவுக்கு வந்தார்கள். அடுப்பில் கரி எரிவதும் உடலில் உணவு எரிவதும் அடிப்படையில் ஒன்றே என்ற எண்ணம் அங்கிருந்துதான் அறிவியலில் உறுதிப்பட்டது. பதினோராண்டுகளின் பின்னர், 1794 மே 8 ஆம் திகதி, பிரெஞ்சுப் புரட்சியின் கில்லட்டின் லவோசியேயின் உயிரைப் பறித்தது. அவரது எண்ணம் உயிரோடு இருந்தது.

'கலோரி' என்ற சொல் அதற்குப் பின்னரே புழக்கத்துக்கு வந்தது. 1819 முதல் 1824 வரையில் பாரிஸில் விரிவுரை நிகழ்த்திய நிக்கொலா கிளெமன் என்பவர், ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசால் உயர்த்தத் தேவையான வெப்பத்தை இப்பெயரால் அழைத்தார். அவரது கவலை நீராவி இயந்திரங்களைப் பற்றியது. எவ்வளவு நிலக்கரியை எரித்தால் எவ்வளவு வேலை நடக்கும் என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. உடலை இளைக்க வைப்பதற்கும் இந்தச் சொல்லுக்கும் அன்று எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை.

கலோரி அறியாத மலர்ச்சாலைக்காரர்

கலோரியை அறியாமலேயே நிறையைக் குறைத்து உலகப் புகழ் பெற்ற ஒருவரை இவ்விடத்தில் குறிப்பிட்டாக வேண்டும். இலண்டனைச் சேர்ந்த வில்லியம் பன்டிங், இன்றைய இலங்கை வழக்கில் சொல்வதானால், ஒரு மலர்ச்சாலைக்காரர். அவரது குடும்ப நிறுவனம் அரச குடும்பத்தின் இறுதிச் சடங்குகளையே நடத்திக் கொடுத்தது. வெலிங்டன் கோமகனின் இறுதி ஊர்வலத்திலும் அந்நிறுவனத்துக்குப் பங்கிருந்தது.

ஐந்தடி ஐந்து அங்குல உயரமான பன்டிங், 1862 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 202 இறாத்தல் நிறையுடன் இருந்தார். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்ட அவரால் முடியவில்லை. முழங்கால் வலியால் மாடிப்படிகளில் பின்பக்கமாகவே இறங்கினார். அதற்கு முன்னர் அவர் முயலாத வழியில்லை. படகு வலித்தார், அதனால் பசிதான் கூடியது. துருக்கிய நீராவிக் குளியல் எடுத்தார். பட்டினியும் கிடந்தார். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் காது மந்தமாகிவிட்டதென்று வில்லியம் ஹார்வி என்ற வைத்தியரிடம் போனபோது, அவர் பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். இறைச்சி, மீன், மரக்கறி, சிறிது பழம் என்பன உணவாகின. ஏறத்தாழ ஒரு வருடத்தில் 46 இறாத்தல் குறைந்தது. இடுப்புச் சுற்றளவு 12 அங்குலத்துக்கு மேல் சுருங்கியது.

பன்டிங் 1863 இல் தனது அனுபவத்தைப் பருமனைப் பற்றிய கடிதம் என்ற பெயரில் சிறு பிரசுரமாக எழுதி, முதலில் இலவசமாகவே விநியோகித்தார். அது பல மொழிகளுக்குச் சென்றது. அவரது பெயரே ஆங்கிலத்தில் உணவைக் கட்டுப்படுத்துவதைக் குறிக்கும் வினைச்சொல்லாயிற்று. சுவீடன் நாட்டு மொழியில் இன்றுவரை அச்சொல் வாழ்கிறது. வைத்தியர்கள் அவரைக் கேலி செய்தார்கள். அவரோ 81 வயது வரை வாழ்ந்து 1878 இல் காலமானார். அவர் சொன்னதெல்லாம் சரியென்று இன்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறைச்சியை அவுன்சில் நிறுத்தாரே தவிர, உண்ட அனைத்தையும் ஒரே எண்ணாக அவர் மாற்றவில்லை. எதை உண்பது என்பதை மாற்றினார். உண்ணும் அளவு தானாக மாறியது.

ஏழைகளுக்காக ஓர் எண்

கலோரியை உணவு மேசைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான வில்பர் அட்வோட்டர். 1844 இல் பிறந்த இவர், கொனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியராக இருந்தார். ஜேர்மனியில் பயின்ற முறைகளை அமெரிக்காவில் நட்டுவைத்தவர். 1890களில் பௌதிகவியலாளர் ரோசாவுடன் சேர்ந்து, ஒரு மனிதன் உள்ளே இருந்து நாட்கணக்கில் உண்டு, உறங்கி, வேலை செய்யக்கூடிய அடைத்த அறை ஒன்றை அமைத்தார். உள்ளே போன உணவும், வெளியே வந்த கழிவும், உடல் விட்ட வெப்பமும் மூச்சும் எல்லாம் அளக்கப்பட்டன. மனித உடலும் சக்திக் காப்பு விதிக்குக் கட்டுப்பட்டது என்பதை அந்த அறை நிரூபித்தது. ஒரு கிராம் புரதத்துக்கு 4, மாச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று உணவுப் பொதிகளில் இன்றும் பயன்படும் கணக்கு அவருடையதே.

அட்வோட்டர் உடம்பைக் குறைப்பதற்காக இதைச் செய்யவில்லை என்பது மிகவும் குறிப்பிடத்தக்கது. அன்றைய தொழிலாளி தனது கூலியின் பெரும்பகுதியை உணவுக்கே செலவழித்தான். அந்தக் காசுக்கு ஆகக் கூடிய சக்தியை எப்படி வாங்குவது என்பதே அவரது கேள்வி. 1887 முதல் பொதுமக்கள் வாசிக்கும் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரைகள் இதைத்தான் பேசின. கலோரி பசித்தவனின் கணக்காகவே உணவுக்குள் நுழைந்தது.

ஆனால் அந்த எண்ணுக்குள் ஒரு குருட்டுத்தனமும் பிறந்தது. காசுக்கு எத்தனை கலோரி என்று பார்த்தால் மாவும் சீனியும் கொழுப்பும் இலாபம். கீரையும் பழமும் வீண் செலவு. கசிமிர் ஃபங்க் விற்றமின் என்ற சொல்லை உருவாக்கியது 1912 இல்தான். அட்வோட்டர் அதற்கு முன்பே, 1907 இல், காலமாகிவிட்டார். கீரையில் இருப்பது என்னவென்று அவரது தராசுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் நாட்டில் தோட்ட மூலையில் முருங்கையும் பொன்னாங்காணியும் ஆய்ந்து கறி வைத்த பெண்கள் அந்தத் தராசில் நட்டக்காரர்களாகவே தெரிந்திருப்பார்கள்.

தட்டில் ஏறிய தேசபக்தி

பசித்தவனின் கணக்கைப் பருத்தவரின் கணக்காக மாற்றியவர், லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் பெண் வைத்தியர் லூலு ஹன்ற் பீற்றர்ஸ். தானே பருமனாக இருந்து குறைத்தவர். 1918 இல் உணவும் ஆரோக்கியமும் பற்றி அவர் எழுதிய நூல் பதிப்புக்கு மேல் பதிப்பாக இலட்சக்கணக்கில் விற்பனையானது. இனிமேல் ஒரு துண்டுப் பாண் என்று சொல்லாதீர்கள், நூறு கலோரிப் பாண் என்று சொல்லுங்கள் என்பது அவரது போதனை. நிறையைக் குறைக்க விரும்புவோருக்கு நாளொன்றுக்கு 1,200 கலோரி என்று அவர் வகுத்தார். ஒரு நூற்றாண்டு கடந்தும் சஞ்சிகைகளிலும் செயலிகளிலும் இந்த எண் அடிக்கடி தலைகாட்டுகிறது.

அந்த நூல் வெளிவந்த காலத்தை மறக்கலாகாது. முதலாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியிருந்தது. ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டிய உணவைச் சேமிக்குமாறு அரசாங்கம் வேண்டிக்கொண்டிருந்தது. உடலில் கொழுப்பைச் சேர்த்து வைப்பது உணவைப் பதுக்குவதற்குச் சமம் என்று பீற்றர்ஸ் எழுதினார். நகைச்சுவையோடுதான் எழுதினார், ஆனாலும் அந்தக் குற்றச்சாட்டு நிலைத்துவிட்டது. பருமன் என்பது அதுவரை உடலின் நிலை. அதன் பின்னர் அது ஒழுக்கத்தின் குறையாகவும் கருதப்படலாயிற்று. கணக்கு வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. போர் முடிந்தது. கணக்கு முடியவில்லை.

மினசோட்டாவின் 36 இளைஞர்கள்

கணக்குக்குக் கீழே வாழும் மனிதனுக்கு என்ன நேரும் என்பதை உலகம் அறிந்தது அடுத்த போரின்போது. 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், அன்சல் கீஸ் என்ற ஆய்வாளரின் தலைமையில் ஒரு பரிசோதனை தொடங்கியது. மனச்சாட்சியின் காரணமாகப் போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் அதற்குத் தாமாக முன்வந்தார்கள். ஐரோப்பாவில் பட்டினியால் வாடும் மக்களை மீட்பதற்கு வழி காண வேண்டும் என்பதே நோக்கம். 24 வாரங்களுக்கு அவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கலோரி அளவில் உணவு கொடுக்கப்பட்டது. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டியிருந்தது.

உடல் நிறையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு கரைந்தது. உடலைவிட மனம் மாறியதே அதிசயம். அந்த இளைஞர்கள் சமையல் நூல்களைச் சேகரித்தார்கள். ஒரு நேரச் சாப்பாட்டை மணிக்கணக்கில் நீட்டினார்கள். தட்டை நக்கினார்கள். எரிச்சலும் சோர்வும் கூடின. பேச்சும் கனவும் உணவாகவே இருந்தன. மீண்டும் தாராளமாக உண்ண விட்டபோது பலருக்கு வயிறு நிறைந்த உணர்வே வரவில்லை. இழந்ததைவிடக் கூடுதலான கொழுப்பை உடல் சேர்த்துக்கொண்டது. இவையெல்லாம் 1950 இல் இரு பாகங்களாக வெளிவந்த பெருநூலில் பதிவாகியுள்ளன.

அவர்கள் ஏற்கனவே மெலிந்த, உழைக்கின்ற இளைஞர்கள். 88 கிலோவுடன் கதிரையில் இருந்த என்னை அவர்களோடு சமப்படுத்துவது சரியாகாது. ஆனாலும் பட்டினி என்று வரலாறு பதிந்து வைத்திருக்கும் 1,570 என்ற எண், சஞ்சிகைகள் சர்வசாதாரணமாக விதிக்கும் 1,200 ஐ விடப் பெரியது. அந்தியேட்டி வீட்டில் நான் கொஞ்ச நேரம் அந்த இளைஞர்களில் ஒருவனாக இருந்திருக்கிறேன் என்பதை இதை வாசித்தபோதுதான் உணர்ந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு நிவாரண அட்டை

கலோரி எங்கள் மக்களிடம் முதலில் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவசர நிவாரணத்தைத் திட்டமிடும்போது உலக உணவுத் திட்டமும் ஐ.நா. அகதிகள் அமைப்பும் கையாளும் ஆரம்பக் கணக்கு, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி. உணவைப் பற்றிப் பேசும்போது நாம் கலோரி என்று சுருக்கிச் சொல்வதும் இந்தக் கிலோகலோரியைத்தான். அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று வரிசையில் நின்று வாங்கிய பொதிகளுக்குப் பின்னால் இப்படியொரு கூட்டல் இருந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு அது தெரியாது. அட்வோட்டரின் தராசு எங்கோ தொலைவிலிருந்து எங்களையும் நிறுத்துக்கொண்டிருந்தது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி தொடங்கிய வலிகாமம் இடப்பெயர்வில் நடந்து சென்ற இலட்சக்கணக்கானவர்களில் என் தாயாரும் ஒருவர். அதன் பின்னர் கிடைத்த நிவாரண அட்டையை அவர் பொலித்தீன் பையில் சுற்றி, காணி உறுதியோடு சேர்த்து வைத்திருந்தார். காணி உறுதியைவிட அட்டைக்கே அப்போது பெறுமதி அதிகம். ஒரு பருக்கைச் சோறும் வீணாகக் கூடாது என்பதும், பிள்ளைக்கு இன்னொரு அகப்பை போட வேண்டும் என்பதும் அவரது உடம்பில் ஊறியவை. அந்தக் கையால் உண்டு வளர்ந்த தலைமுறைதான் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கொழும்பிலும் கலோரிச் செயலியைத் தட்டிக்கொண்டிருக்கிறது. நிவாரண அட்டையையும் செயலியையும் ஒரே வாழ்நாளில் கண்டவர்கள் நாங்கள்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல. ஆசிய மக்களுக்கு நீரிழிவும் இதய நோயும் குறைந்த நிறையிலேயே வந்துவிடுவதால், அவர்களது உடற்பருமன் சுட்டி 23 ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் தெரிவித்தது. பொதுவான எல்லை 25 என்பது யாவரும் அறிந்ததே. ஆகவே எங்களவர்கள் நிறையைப் பற்றிக் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. கேள்வி அதற்கான வழியைப் பற்றியதுதான்.

கணக்கில் உள்ள ஓட்டைகள்

1958 இல் மக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க வைத்தியர், ஓர் இறாத்தல் உடல் நிறைக்கு 3,500 கலோரி என்று கணித்தார். நாளொன்றுக்கு 500 ஐக் குறைத்தால் வாரத்துக்கு ஓர் இறாத்தல் இறங்கும் என்ற வாய்ப்பாடு இதிலிருந்தே பிறந்தது. தாளில் இது பிழையற்ற கழித்தல். உடல் தாளல்ல. நிறை குறையக் குறைய உடல் செலவழிக்கும் சக்தியும் குறைகிறது, பசி கூடுகிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த கெவின் ஹோல் குழுவினர் இதனைக் கணித முறையில் 2011 இல் விளக்கினார்கள். தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பெருமளவு நிறையை இழந்த 14 பேரை ஆறு வருடங்களின் பின்னர் பரிசோதித்து அவர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் துயரமானது. இழந்த நிறையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஓய்வில் அவர்களின் உடல் செலவழித்த சக்தியோ எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது.

பொதியில் அச்சிடப்பட்ட எண்ணும் நாம் நினைப்பதுபோல் துல்லியமானதல்ல. அமெரிக்க விதிகள் 20 சதவீதம் வரையான மிகையை அனுமதிக்கின்றன. பாதாம் பருப்பு 28 கிராமில் 170 கலோரி என்று கணக்கிடப்பட்டு வந்தது. அந்நாட்டு விவசாயத் திணைக்கள ஆய்வாளர்கள் மனிதர்களுக்கு உண்ணக் கொடுத்து அளந்தபோது உடலுக்குக் கிடைத்தது 129 கலோரி மட்டுமே என்று 2012 இல் அறிவித்தார்கள். முழுப் பருப்பின் உயிரணுச் சுவர்களைக் குடல் முழுதாக உடைப்பதில்லை. அரைத்து மாவாக்கினால் கதை வேறு. எண் ஒன்றாக இருந்தாலும் உணவின் உருவம் மாறினால் உடலின் வரவு மாறுகிறது.

எண்ணைக் காட்டினால் மனிதர் திருந்துவார்கள் என்ற நம்பிக்கையில் நியூயோர்க் நகரம் 2008 இல் உணவகப் பட்டியல்களில் கலோரியை அச்சிட வைத்தது. குறைந்த வருமானம் உள்ளோர் வாழும் பகுதிகளில் நடத்தி 2009 இல் வெளியான ஆய்வு ஒன்று, மக்கள் எண்ணைக் கவனித்தார்கள், ஆனால் வாங்கிய கலோரி குறையவில்லை என்று கண்டது.

எண்ணாமலே குறைந்தவர்கள்

அப்படியானால் கலோரி பொய்யா? இல்லை. லவோசியேயின் விதி இன்றும் உண்மை. செலவழிப்பதைவிடக் குறைவாக உண்ணாமல் எவரும் இளைப்பதில்லை. ஆனால் நடப்பதைக் கணக்கெழுதுவது ஒன்று, நடக்க வைப்பது இன்னொன்று. ஓட்ட எண்ணிக்கையைப் பலகையில் எழுதுவதால் ஓட்டம் வருவதில்லை என்பது கிரிக்கெட் பார்க்கும் எவருக்கும் தெரியும்.

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 2018 இல் வெளியிட்ட ஆய்வில் 609 பேர் பங்குகொண்டார்கள். ஒரு பிரிவினர் கொழுப்பைக் குறைத்தார்கள். மற்றப் பிரிவினர் மாச்சத்தைக் குறைத்தார்கள். எவருக்கும் கலோரி எல்லை விதிக்கப்படவில்லை. மரக்கறியை நிறைய உண்ணுங்கள், சேர்த்த சீனியையும் தீட்டிய மாவையும் தவிருங்கள், வீட்டில் சமைத்து உண்ணுங்கள் என்பவையே இரு பிரிவினருக்கும் சொன்ன பொது அறிவுரை. ஒரு வருட முடிவில் முதற் பிரிவினர் சராசரியாக 5.3 கிலோவும் மற்றவர்கள் 6 கிலோவும் இழந்திருந்தார்கள். இரண்டுக்கும் இடையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. எல்லோருக்கும் ஒரேமாதிரி நடக்கவுமில்லை. சிலருக்கு நிறை கூடியும் இருந்தது. ஆயினும் எண்ணாமலே குறைக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

மறுவருடம் கெவின் ஹோல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். 20 பேரை நான்கு வாரங்கள் ஆய்வு வைத்தியசாலையில் தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் இயல்பான உணவும் கொடுத்தார். பரிமாறிய கலோரி, சீனி, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய அளவு உண்ணலாம். பதப்படுத்திய உணவை உண்டபோது அதே மனிதர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு, 0.9 கிலோ கூடினார்கள். இயல்பான உணவில் அதேயளவு குறைந்தார்கள். அவர்களின் மனவுறுதி அந்த நான்கு வாரங்களில் மாறியிருக்க முடியாது. மாறியது தட்டில் இருந்த உணவுதான்.

2021 இல் நிறைகுறைப்புக்கென அமெரிக்காவில் அனுமதி பெற்ற செமகுளுடைட் ஊசிமருந்தும் இதையே வேறுவிதமாகச் சொல்கிறது. அது எவருக்கும் கணக்குக் கற்பிக்கவில்லை. பசியைத் தணித்து, வயிறு நிறைந்த உணர்வை விரைவில் தருகிறது. அதை எடுத்தவர்கள் குறைவாக உண்டது, உடல் போதும் என்று சொன்னதால்.

எங்கள் நாட்டிலும் எண்ணாத வழி ஒன்று முயலப்பட்டிருக்கிறது. 2016 ஓகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களால் காட்ட வேண்டும் என்று இலங்கையில் விதிக்கப்பட்டது. அன்றைய விதிப்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. கூட்டல் கழித்தல் தேவையில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும்.

திருக்குறளின் 95 ஆம் அதிகாரத்துக்கு மருந்து என்று பெயர். அதில் வள்ளுவர் பெரிதும் பேசுவது மூலிகைகளைப் பற்றியல்ல. முன்னர் உண்டது செரித்ததா, உண்மையாகவே பசிக்கிறதா, உடலுக்கு ஒவ்வாதது எது என்று பார்த்து உண்ணச் சொல்கிறார். அளவை வற்புறுத்துகிறார், ஆனால் அந்த அளவை உண்பவனின் உடலிடமே கேட்கச் சொல்கிறார்.

காணுமோ?

நான் என்ன செய்தேன் என்று சிலர் கேட்கக்கூடும். தேநீரில் சீனியை நிறுத்தினேன். முதல் இரண்டு வாரங்கள் கசந்தது; பின்னர் பழகிவிட்டது. அலுவலக மேசைக்கு வரும் ரோல்சையும் பட்டீசையும் வேண்டாம் என்றேன். நள்ளிரவுச் சோற்றை மாலை ஏழு மணிக்கு நகர்த்தினேன். தட்டில் சோறும் மரக்கறியும் இடம் மாறிக்கொண்டன. வெள்ளை மாப் பிட்டு மீண்டும் குரக்கன் பிட்டாயிற்று. பேருந்துத் தரிப்பிடம் ஒன்றுக்கு முன்னதாகவே இறங்கி நடக்கிறேன். பதினான்கு மாதங்களில் 88 கிலோ 80 ஆயிற்று. வைத்தியர் கேட்ட பத்து இன்னும் நிறையவில்லை. இரத்தத்தில் சீனி எல்லைக்கோட்டிலிருந்து கீழே இறங்கிவிட்டது என்பதால் அவர் ஆட்சேபிக்கவில்லை. இன்சுலின் எடுப்பவர்களும் வேறு நோயுள்ளவர்களும் தமது வைத்தியர் சொல்லும் கணக்கை விட்டுவிடக்கூடாது. கணக்கு உதவுகிறவர்களுக்கு அது உதவட்டும். என்னைப்போல் கணக்கால் உணவின் முன்னால் திருடனைப்போல் விழிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அண்மையில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவின் அலுமாரியில் அந்த நிவாரண அட்டை இன்னும் இருக்கிறது. மத்தியானம் அவரே பரிமாறினார். முருங்கையிலை வறை, பருப்பு, மீன் குழம்பு. இரண்டாம் முறை அகப்பையை நீட்டியபோது நான் கையால் மறித்தேன். அவர் வற்புறுத்தவில்லை. என் முகத்தைப் பார்த்து, "காணுமோ மோனை?" என்று மட்டும் கேட்டார். போதுமா என்பதற்கு யாழ்ப்பாணத்தில் காணுமோ என்றே கேட்பார்கள்.

ஒரு கணம் யோசித்தேன். மனதில் கூட்டிப் பார்க்கவில்லை. வயிற்றைக் கேட்டுப் பார்த்தேன்.

"காணும் அம்மா" என்றேன்.